யார் பெயரில் இருக்கிறது கார்?

பழைய கார் வாங்கப் போவதாக யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. மற்றவர்கள் எஞ்சினைப் பற்றியும் டயரைப் பற்றியும் நிதானமாக விசாரித்துக்கொண்டிருக்கும்போது நான் குறுக்கே விழுந்து, "புக் யாரு பேர்ல இருக்கு?" என்று கேட்டுவிடுவேன். வாகனப் பதிவுப் புத்தகத்துக்கு எங்கள் பக்கத்தில் அந்த ஒரு சொல்தான். கல்யாண வீடாக இருந்தாலும் சரி, செத்த வீடாக இருந்தாலும் சரி, கேட்காமல் இருக்கமாட்டேன். கேட்கப்பட்டவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். அந்தப் புத்தகத்தில் இருக்கும் ஒரு வரிக்காக ஒரு நாள் முழுக்கச் செத்துப் பிழைத்தவள் நான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது, யுத்த காலம். மாத்தளை டவுனில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். எங்கள் இருவருக்கும் வேலை தம்புள்ளையில். நான் ஓர் அரச அலுவலகத்தில் தட்டெழுத்தாளர். சிங்களம், தமிழ் இரண்டிலும் அடிப்பேன். என் கணவர் அடுத்த கட்டடத்தில் படவரைஞர். குளங்களையும் வாய்க்கால்களையும் தாளில் கோடு கோடாக இழுப்பது அவர் தொழில். நான் மாத்தளைத் தோட்டமொன்றில் பிறந்த கத்தோலிக்க வேதக்காரி. அவர் யாழ்ப்பாணத்துச் சைவம். கல்யாணத்தின்போது இரண்டு பக்கமும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது தனிக் கதை. அடையாள அட்டையில் பிறந்த இடம் என்று ஒரு வரி இருக்கிறதே, அதுதான் எங்கள் இருவருக்கும் இடையிலிருந்த உண்மையான வித்தியாசம்.

தினமும் காலையில் பஸ். நாவுலையைத் தாண்டியதும் ஒரு சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி, வரிசையில் நடந்து, அட்டையைக் காட்டி, அந்தப் பக்கம் போய் மறுபடி ஏற வேண்டும். என் அட்டையை ஒரு பார்வை பார்த்துத் திருப்பித் தந்துவிடுவார்கள். அவருடைய அட்டையைப் பார்த்ததும் ஓரமாகக் கையைக் காட்டுவார்கள். பஸ்ஸில் இருப்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். கண்டக்டர் தகரத்தில் தட்டுவார். சில நாள் பஸ் போய்விடும். நானும் இறங்கி அவரோடு நிற்பேன், பிறகு இரண்டு பேரும் அலுவலகத்தில் பிந்தி வந்ததற்குச் சிவப்புக் கோடு வாங்குவோம். ஒரு முறை எனக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. அன்றைக்குப் போனவர் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார். என்ன நடந்தது என்று கேட்டதற்கு, "ஒண்டுமில்லை, விசாரிச்சவை" என்று மட்டும் சொன்னார். பிறகு குளித்தார். நெடுநேரம் குளித்தார்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அலுவலகத்தில் அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து யன்னலால் அடுத்த கட்டடத்தைப் பார்ப்பேன். அவருடைய தலை தெரிந்தால்தான் அடுத்த தாளைச் செருகுவேன். ஞாயிற்றுக்கிழமை அவர் கடைக்குப் போய் வரக் கால் மணி பிந்தினாலும் வாசலுக்கும் குசினிக்குமாக நடப்பேன். "நீர் ஏன் இப்பிடிப் பதகளிக்கிறீர்?" என்பார். பதகளிக்காமல்? மனுஷி கல்லாகவா இருக்க முடியும்?

கார் வாங்கும் யோசனை என்னுடையதுதான். ஒரு பொம்பிளை ஓட்டும் காரை யாரும் அவ்வளவாக மறிப்பதில்லை என்பதை நான் ரோட்டில் பார்த்திருக்கிறேன். எனக்கு ஓட்டவும் தெரியும். அப்பா தோட்டத்து லொறி டிரைவர். கொக்கோ மூட்டை ஏற்றிய லொறியையே தோட்டத்து வளைவுகளில் ஓட்டிப் பழகியவள் நான். என் கணவருக்குச் சைக்கிளுக்கு மேல் எதுவும் வராது. "நீர் ஓட்ட நான் பக்கத்தில இருக்கிறதோ?" என்று முதலில் சிரித்தார். பிறகு யோசித்தார். யோசித்த பிறகு சிரிக்கவில்லை.

கார் வாங்கப் போகிறோம் என்ற செய்தி பரவியதும் மாத்தளையில் புத்தி சொல்லாத ஆள் இல்லை. வெள்ளை நிறம் எடுங்க, வெயில் பிடிக்காது என்றார் ஒருவர். டொக்டர்மார் வைத்திருந்த காரைத்தான் எடுக்க வேண்டும், அவர்கள் மெதுவாக ஓட்டுவார்கள் என்றார் இன்னொருவர். பூசை முடிந்து வெளியே வரும்போது பங்குச் சாமியாரும், "வாங்கினதும் கொண்டு வாங்க, மந்திரிச்சுத் தாறேன்" என்றார். ஒரு மனிதர் மாத்திரம் புத்தி சொல்லவில்லை, வேலை கற்றுக்கொடுப்பதுபோல் பேசினார். டவுனில் கராஜ் வைத்திருந்த முஸ்லிம் பாஸ். கைத்தொழில்காரர் எவரையும் பாஸ் என்றுதான் எங்கள் ஊரில் கூப்பிடுவோம்.

"மிஸ், கார் பாக்கப் போனா சொல்லாமப் போகணும்," என்றார். "சொல்லிட்டுப் போனா அவன் முன்னுக்கே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வச்சிருப்பான். போனதும் பொனட்ல கைய வைங்க. சூடா ஈக்கிதா, ஏன் சூடா ஈக்கிதெண்டு கேளுங்க. குளிர்ந்த எஞ்சினை உங்க கண் முன்னால ஸ்டார்ட் பண்ணணும். நீலப் பொகை வந்தா ஒயில் குடிக்குது. வெள்ளைப் பொகை நிக்காம வந்தா தண்ணி உள்ள போகுது. ரெண்டும் வேணாம்."

ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரை நம்பாதே, பிரேக் மிதியின் ரப்பரைப் பார் என்பார். "மீட்டரைப் பின்னுக்குச் சுத்தலாம், தேஞ்ச ரப்பரைச் சுத்த ஏலாது. புது ரப்பர் போட்டிருந்தா இன்னும் சந்தேகப்படணும்." காலடி விரிப்பைத் தூக்கித் துருவைப் பார்க்க வேண்டும். கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திச் சத்தம் கேட்க வேண்டும். ஒன்று மட்டும் வேறு மாதிரிச் சத்தம் போட்டால் அந்தப் பக்கம் அடி வாங்கியிருக்கிறது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தமொன்றை லேஞ்சித் துணியில் சுற்றி வைத்திருந்தார். அதைத் தகரத்தில் வைத்துக்கொண்டே போவார். ஒட்டாத இடத்தில் தகரமில்லை, பூசி மெழுகிய பசைதான் இருக்கிறது. இதையெல்லாம் நான் ஒரு தாளில் அழகாகத் தட்டெழுதி வைத்துக்கொண்டேன். தொழில் புத்தி.

கலேவெலையில் ஓய்வு பெற்ற சிங்களப் பள்ளிக்கூட அதிபர் ஒருவர் விற்கிறார் என்று பாஸ்தான் கேள்விப்பட்டு வந்தார். ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் சொல்லாமல் போனோம். வயலோரத்து வீடு. காருக்கு ஓலைக் கொட்டகை. அந்த வெயிலிலும் காருக்குப் பழைய பெட்ஷீட் போர்த்தியிருந்தது. ஜப்பான் கார், வெள்ளை, நாலு கதவு, ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய இலக்கத் தகடு. அதிபர் மாத்தயா, சிங்களத்தில் ஐயாவுக்கு அதுதான் சொல், சாரத்தோடு வந்து, எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்க் களுசானும் சேர்ட்டும் போட்டுக்கொண்டு வந்தார். பொனட் பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்திருந்தது. காந்தம் முன் பக்கத்து இடது மட்கார்ட்டில் மட்டும் வழுக்கியது. "மதில்ல பட்டது, நான்தான் தட்டினேன்," என்று அவரே சொல்லிவிட்டார். பாஸ் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். விற்கிறவன் உண்மை பேசினால் வாங்குகிறவனுக்குப் பயம் வந்துவிடுகிறது.

அவருடைய மனைவி கொட்டகைத் தூணருகில் நின்றுகொண்டிருந்தார். எங்களுக்குத் தேத்தண்ணி தந்துவிட்டு மறுபடி அங்கேயே போய் நின்றார். நான் பின் ஆசனத்தை அமுக்கிப் பார்த்தபோது மட்டும் ஒரு அடி முன்னே வந்தார், பிறகு நின்றுவிட்டார். பின்கண்ணாடியின் மூலையில் பாதி உரிந்த ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. கிரிக்கெட் மட்டையும் பந்தும், கீழே ஏதோ சிங்கள எழுத்து. "வயசான மனுஷன் ஓட்டின கார்ல இது என்னத்துக்கு?" என்று பாஸிடம் தமிழில் கேலியாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அந்த மட்டில் கடவுள் எனக்கு இரங்கினார்.

"கலேவெலையில ஓட்டிப் பாத்து வேலை இல்ல. இங்க மேடே இல்லையே," என்றார் பாஸ். மாத்தளைக்காரன் கார் வாங்கினால் மாத்தளை ஏற்றத்தில்தான் பார்க்க வேண்டுமாம். அதிபரையும் ஏற்றிக்கொண்டு நாலந்தைப் பக்கத்து ஏற்றம்வரை ஓட்டினேன். இரண்டாவது கியர் ஒரு தடவை துள்ளி வெளியே வந்தது. மற்றபடி மூச்சு வாங்காமல் ஏறியது. அங்கேயே, ரோட்டோரத்தில், விலை பேசி முடிந்தது. அதிபர் ஒன்று மட்டும் கேட்டார். "ஒரு மாசத்துக்குள்ள பேரை மாத்திடுங்க, மிஸ். எனக்கு இந்த வயசுல வில்லங்கம் வேணாம்." மாற்றிவிடுகிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவர் வீட்டுக்குத் திரும்பிப் பணத்தைக் கொடுத்ததும், பெயர் மாற்றத்துக்கான படிவத்தில் விற்பவர் என்ற இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டுத் தந்தார். வாங்குபவர் பெயரும் திகதியும் வெறுமையாக இருந்தன. கராஜுக்கு வந்து இறங்கியதும் நான் பேனையை எடுத்தேன். பாஸ் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார்.

"அவசரப்படாதீங்க, மிஸ். அது அப்பிடியே ஓப்பன் பேப்பரா இருக்கட்டும். புக்ல சிங்கள மாத்தயா ஒராளுட பேர் ஈக்கிறது இந்தக் காலத்துல ஒரு பாதுகாப்பு. உங்கட பேருக்கு மாத்தினா உங்கட மாப்புள சேருட பேரும் சேர்ந்துதானே வரும்? ஒவ்வொரு செக் பொயின்ட்லயும் இறங்க வேண்டி வரும். இங்க தமிழாக்கள் நெறையப் பேர் அப்பிடித்தான் ஓடுறாங்க."

அது உண்மை. எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் கார் வைத்திருந்தவர்கள் பாதிப் பேர் யாரோ ஒரு பண்டாவின் பெயரிலோ பெரேராவின் பெயரிலோதான் ஓடிக்கொண்டிருந்தார்கள். அதைச் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்ளவும் செய்தார்கள்.

"ஓமோம், அதுதான் புத்தி," என்றார் என் கணவர் உடனே.

"நிரப்பாத ஃபோர்மை வீட்டுல வச்சிக்கிட்டு எனக்குத் தூக்கம் வராதுங்க," என்றேன்.

"உமக்குத் தாளில வெறும் இடத்தைக் கண்டால் பொறுக்காது. இது ஒஃபீஸ் இல்லை. நான் ஒவ்வொரு நாளும் இறங்கி நிக்கிறதோ, உம்மடை ஃபோர்ம் வெறுமையா இருக்கிறதோ, எது பெரிசு?"

 பேனையை மூடி வைத்தேன். படிவம் அலுமாரியில் பைபிளுக்குள் போனது. என் கணவர் அன்றிரவே அதிபரின் முழுப் பெயரையும் விலாசத்தையும் ஒரு துண்டில் எழுதி, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைபோல் மனப்பாடம் செய்தார்.

முதல் வாரத்தில் காரைக் கழுவித் துடைத்தேன். பின்கண்ணாடியில் இருந்த அந்த ஸ்டிக்கரை மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து பிளேடால் சுரண்டி எடுத்தேன். முரட்டுத்தனமாக ஒட்டியிருந்தது, அரை மணித்தியாலம் பிடித்தது. கண்ணாடி பளபளவென்று வந்ததும் தள்ளி நின்று பார்த்து எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், பாஸ் சொன்னது அப்படியே பலித்தது. சாவடியில் வேகத்தைக் குறைத்து யன்னலை இறக்குவேன். ஆமிக்காரப் பையன் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வாகன வரி லைசன்ஸில் பெயரைப் பார்ப்பான், சேலை கட்டிய என்னைப் பார்ப்பான், போ என்று கையசைப்பான். பக்கத்து ஆசனத்தில் என் கணவர் மடியில் சோற்றுப் பார்சலை வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருப்பார். கொஞ்சத் தூரம் போன பிறகு, "பாத்தீரே?" என்பார். ஒரு மாதம் போனது, மூன்று மாதம் போனது, ஏழு மாதம் ஆனது. அதிபருக்குக் கொடுத்த வாக்கு ஒவ்வொரு தடவையும் முள்ளாகக் குத்தும். அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். என் கணவர் தினமும் வீடு வந்து சேர்ந்தார். அதற்காக நான் எதையும் செய்திருப்பேன்.

பிறகு அந்த நாள் வந்தது. கொழும்பில் ஒரு வாகனத்தில் குண்டு வெடித்ததாக முதல் நாள் வானொலியில் சொன்னார்கள். காலையில் கிளம்பும்போது நான், "இன்னைக்கு லீவு போடுவோமா?" என்று கேட்டதற்கு, "வரைபடம் குடுக்க வேணும்" என்றார். பின் ஆசனத்தில் நாலைந்து சுருள்கள் கிடந்தன.

சாவடியில் அன்றைக்குப் புது முகங்கள். கையசைக்கவில்லை. புக்கின் பிரதியைக் கேட்டு வாங்கினான் ஒருவன். பெயரைப் படித்தான். என் அட்டையைப் பார்த்தான், அவருடைய அட்டையைப் பார்த்தான்.

"யாருடைய கார் இது?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"நாங்க வாங்கினது," என்றேன் நான்.

"சிநேகிதரிடம் இரவல் வாங்கியது," என்றார் என் கணவர்.

இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் வந்தன. ஏழு மாதத்தில் அவர் அதிபரின் பெயரை மனப்பாடம் செய்தார், விலாசத்தை மனப்பாடம் செய்தார். இந்த ஒரு கேள்விக்கு இரண்டு பேரும் என்ன சொல்வது என்று பேசி வைத்துக்கொள்ள எங்களுக்குத் தோன்றவில்லை. படித்த முட்டாள்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. இறங்கச் சொன்னார்கள். ஆசனங்களைத் தூக்கினார்கள். சுருள்களை விரித்தார்கள். குளக்கட்டு, மதகு, வாய்க்கால், பாலம், எல்லாம் அவர் கையாலேயே அளவோடு எழுதப்பட்டிருந்தன. சிங்கள மாத்தயா ஒருவரின் பெயரில் ஒரு கார், அதற்குள் யாழ்ப்பாணத்து ஆள், கையில் குளக்கட்டுப் படம். அந்தப் பையனுடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் சந்தேகப்பட்டுத்தான் இருப்பேன். பாதுகாப்பு என்று நினைத்து நாங்கள் ஒளிந்துகொண்ட பெயரே எங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அவரை மணல் மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பிப் பார்த்தார். 

பொறுப்பாக இருந்த அதிகாரி சின்ன வயதுக்காரர். சத்தம் போடவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "புத்தகத்தில் பெயர் இருக்கிறவரைக் கூட்டிக்கொண்டு வாங்க," என்றார். "நாலு மணிக்குக் கண்டிக்குப் போற வாகனம் வரும். அப்ப இங்க இருக்கிறவங்களை அதுல ஏத்தி அனுப்பிடுவேன். பிறகு என் கையில் இல்லை." காரை அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

தம்புள்ளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து கலேவெலைக்கு இன்னொரு பஸ். இரண்டிலும் இடம் இருந்தது, நான் உட்காரவில்லை. மரக்கறி லொறி ஒன்று முன்னால் நின்று வழி விடாதபோது இறங்கி ஓடலாமா என்று நினைத்தேன். ஒவ்வொரு தரிப்பிலும் நின்று நின்று ஆள் ஏற்றிய கண்டக்டரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்து, பாதியில் நேரத்தைப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். ஒரு தடவையாவது முழுசாக முடித்தேனா என்று தெரியவில்லை. கலேவெலைச் சந்தியில் இறங்கியபோது பன்னிரண்டரை தாண்டிவிட்டது.

அதிபர் தோட்டத்தில் மண்வெட்டியோடு நின்றார். என்னைக் கண்டதும் சிரித்தார். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அந்தச் சிரிப்பு போய்விட்டது. நாங்கள் பேசியது முழுக்கச் சிங்களத்தில்தான்.

"ஒரு மாசம்னு சொன்னீங்க," என்றார். "ஏழு மாசம் ஆச்சு."

"தப்புதான், மாத்தயா."

"வித்துட்டேன்னு சொன்னா, ஏன் பேரை மாத்தலைன்னு என்னைப் பிடிப்பாங்க. இரவல் குடுத்தேன்னு சொன்னா நான் பொய்காரன். நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சு, மிஸ். என் வேலை அதோட முடிஞ்சுது." மண்வெட்டியை மண்ணில் குத்தி வைத்தார். "ஆமிக் கேம்ப் வாசலுக்கு என்னால வர முடியாது. கேக்காதீங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. தப்பு என்னுடையது என்று தெரிந்தும் கத்தினேன். ஒரு மனுஷனுடைய உயிர், உங்களுக்கு வில்லங்கம் பெரிதா, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்தானே என்றெல்லாம் கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தலையைக் குனிந்த மனிதரிடம் மேற்கொண்டு எப்படிக் கத்துவது? நேரம் போய்க்கொண்டிருந்தது.

அப்போது அவருடைய மனைவி வெளியே வந்தார். கையில் மடிப்புக் கலையாத வெள்ளைச் சேர்ட். அதை அதிபரின் தோளில் போட்டார்.

"போங்க," என்றார் அவரிடம். "நம்ம மகனைத் தேடி எத்தனை கேம்ப் வாசல்ல நின்னோம்? இது எனக்குத் தெரிஞ்ச பிள்ளைதான்னு சொல்ல ஒரு ஆள் கூட வந்தாங்களா? ஒரு ஆள் வந்திருந்தாப் போதும்."

எண்பத்தொன்பதில், சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சியை ஆமி அடக்கியபோது, மாத்தளை மாவட்டத்தில் எத்தனை சிங்களப் பிள்ளைகள் அப்படிப் போனார்கள் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. ஆற்றோரத்தில், ரோட்டோரத்தில், பிணங்களை நாங்களும் பார்த்தோம். பார்த்துவிட்டு, நல்லவேளை நம்ம பிள்ளைகள் இல்லை என்று கதவைச் சாத்திக்கொண்டவர்கள்தான். இந்த வீட்டில் ஒரு மகன் இருந்ததை அன்றைக்குத்தான் அறிந்தேன். அதிபர் சேர்ட்டைப் போட்டுக்கொண்டார். பொத்தான்களை அந்த அம்மாதான் போட்டுவிட்டார்.

மறுபடி இரண்டு பஸ் மாறி நாங்கள் சாவடியை அடைந்தபோது மூன்றரை. கண்டி போகும் வாகனம் முன்கூட்டியே வந்து, முகப்பு ரோட்டைப் பார்க்க நின்றது. ஓடினேன். அதிபர் பின்னால் மெதுவாகத்தான் வந்தார். அவருக்கு மூச்சு இரைத்தது. வழி முழுக்க அவர் என்ன சொல்வார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மனம் மாறிவிடுவாரோ என்று பயம்.

அதிகாரியின் முன்னால் நிமிர்ந்து நின்றார். "கார் என்னுது. இவங்களுக்கு வித்துட்டேன். பேரை மாத்திக் குடுக்காதது என்னோட தப்பு," என்றார். என் தப்பைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டார். அதிகாரி அவரைப் பத்து நிமிடம் ஏசினார், ஒரு பள்ளிக்கூடப் பையனை ஏசுவதுபோல். எழுபதை நெருங்கிய அந்த மனிதர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார். என்னை அறைந்திருந்தால்கூட அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

என் கணவர் வெளியே வந்தார். பெல்ட் கையில் இருந்தது. சேர்ட்டுப் பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டிருந்தார். வரைபடச் சுருள்களைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அந்த நேரத்தில் போய்ச் சுருளை எண்ணுகிற மனுஷன்!

"ஃபோர்ம் எங்க?" என்று கேட்டார் அதிபர். அது மாத்தளையில் அலுமாரிக்குள் இருக்கிறது என்றேன். "இன்னைக்கே எழுதுங்க. இன்னைக்குத் திகதி போடுங்க."

"யாருடைய பேரைப் போடுறது?" என்று என் கணவரைத் தமிழில் கேட்டேன்.

"உம்மடை பேரைப் போடும். முழுப் பேரும்," என்றார். என் முழுப் பெயரின் பின்பாதி அவருடைய பெயர்தான். அது அவருக்குத் தெரியாமலா சொன்னார்?

அதிபரைக் கலேவெலைக்குக் கொண்டுபோய் விட்டோம். அவர் முன்னால் என் பக்கத்தில் இருந்தார், என் கணவர் பின்னால்.  வீட்டு வாசலில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார், நாங்கள் போனதிலிருந்து அங்கேயே நின்றிருப்பார்போல. அதிபர் இறங்கினார். என் கணவர் இறங்கிக் கைகூப்பினார். அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். பிறகு என்னிடம், "கொஞ்சம் ஏறி உக்காரலாமா?" என்று கேட்டார்.

பின் கதவைத் திறந்துவிட்டேன். ஏறி, இடது பக்கத்து மூலையில் உட்கார்ந்தார். தன் இடத்தில் உட்காருவதுபோல் உட்கார்ந்தார். கையால் ஆசனத்தைத் தடவினார். பிறகு திரும்பி, பின்கண்ணாடியின் மூலையைப் பார்த்தார். விரலை அங்கே வைத்தார். விரல் கண்ணாடியில் மேலும் கீழும் போய்த் தேடியது.

"இங்க மகன் ஒண்ணு ஒட்டியிருந்தான்," என்றார்.

 தானாக விழுந்துவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்குப் பொய் சொன்னது போதும் என்று தோன்றியது. "நான்தான், நோனா," என்றேன். "தெரியாம... பிளேடால சுரண்டிட்டேன்."

அவர் விரலை எடுக்கவில்லை. வயல் பக்கமிருந்து வந்த சாய்ந்த வெயில் அந்தக் கண்ணாடியில் விழுந்தது. நான் அவ்வளவு பாடுபட்டு மினுக்கிய கண்ணாடி.

"பரவாயில்லை," என்றார். "பின்னால வாறது இப்ப நல்லாத் தெரியும்."

இறங்கினார். என் கணவர் சாப்பிட்டாரா என்று கேட்டார். வாசலில் நின்று, கார் திரும்ப வழி இருக்கிறதா என்று பார்த்துக் கையைக் காட்டினார். நான் காரைத் திருப்பினேன். இரண்டாவது கியர் துள்ளி வெளியே வந்தது, மறுபடி போட்டேன். சந்திவரை என்னால் பின்னால் பார்க்கும் கண்ணாடியைப் பார்க்க முடியவில்லை. பக்கத்து ஆசனத்தில் என் கணவர் மாறிப் போட்ட பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டு, கை கால் முழுசாக உட்கார்ந்திருந்தார்.